ஜமீலா சிஸ்டரும் திரைக்கு வெளியே நானும்

ஜமீலா சிஸ்டர் இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு வரவில்லை. என் பேத்திக்கு வந்தது.

காலையில் நான் இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் மகள் தேவியின் போன் அடித்தது. தேவி குளித்துக்கொண்டிருந்ததால் பாப்பா எடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா பேசியது எனக்குக் கேட்கவில்லை. பாப்பா சுவரோடு சாய்ந்து அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடி ஆச்சு?” என்றேன்.

“சிஸ்டர் போய்ட்டாங்க ஆயா.”

“எங்க?” என்று கேட்டேன். பாப்பா அழ ஆரம்பித்தாள். அவள் தாத்தா, அதாவது என் வீட்டுக்காரர், இதே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவள் அப்படி அழவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்குட்டியோடு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் மறக்கவில்லை.

சிஸ்டரைத் தெரிந்த அம்மாக்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் புத்தகமாகப் போடப்போகிறார்கள் என்று தேவி சொன்னாள். எங்கள் வீட்டில் அவள்தான் எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தாலே அவளுக்குக் கண்ணீர் வருகிறது. நான் எழுதுகிறேன் என்றேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அந்தப் படிப்பு எழுதுவதற்குப் போதும். நடந்ததை மறக்காமல் வைத்திருக்க அதுகூடத் தேவையில்லை. பாப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எம் பேரு மட்டும் போடாத ஆயா” என்றாள். அதனால் பாப்பா என்றே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜமீலா பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருந்தாள். ஆறு, ஏழு வயதிலேயே மார்பு வளர்ந்து, உடம்பு பெரிய பெண்ணின் உடம்பாக மாறத் தொடங்கிவிடுகிற பிள்ளைகள் அங்கே வருவார்கள். அதை நிறுத்திவைக்க மாதா மாதம் ஊசி போடுவார்கள். எந்த ஊசி, எத்தனை நாள் என்பதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். அந்தப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் தாங்கிப் பிடித்தது ஜமீலா. அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். என்னைவிடச் சின்னவள். போதாததற்கு, அவளோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு.

முதல் வழக்கு சீர்த் தட்டு.

பாப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து பாவாடையில் கறையோடு வந்தாள். கொஞ்ச மாதமாகவே அவள் உடம்பு மாறிக்கொண்டிருந்தது. நான்தான் குளிப்பாட்டுகிறவள், எனக்குத் தெரியாமல் இருக்குமா? நான் என்ன நினைப்பேன்? பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள், கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கூடத்து மூலையில் பாய் போட்டு உட்காரவைத்தேன். தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டாமா? என் மகன் முருகன் திருநின்றவூரில் இருக்கிறான். போன் போட்டேன். அவனும் என் மருமகளும் ரயிலும் பஸ்ஸும் மாறி, பூ, பழம், நல்லெண்ணெய், முட்டை, பட்டுப்பாவாடை என்று தட்டு தட்டாக எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வருவதற்குள் தேவி வேலையிலிருந்து வந்துவிட்டாள். மூலையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். “ஏழு வயசும்மா! ஏழு வயசு!” என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். முருகன் குமணன்சாவடியில் எங்கள் வாசலில் தட்டோடு நிற்கிறான். தாய்மாமன் கொண்டுவந்த சீரைப் பிள்ளையின் கண்ணில் காட்டாமல் கீழே வைக்கலாமா? “வாடா” என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றி நானும் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் தட்டுகளோடு நின்றோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். ஒரு கிழவர், “இன்னாமா, டாக்டருக்கு நிச்சயமா?” என்று கேட்டார். அப்போதுதான் உள்ளேயிருந்து ஜமீலா வந்தாள். தட்டுகளை ஒரு தரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன், அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

“தாய்மாமனா தம்பி?”

“ஆமா சிஸ்டர்.”

“எங்கேர்ந்து வரீங்க?”

“திருநின்றவூர்.”

“இம்மாந்தூரம் தூக்கிகினு வந்திருக்கீங்க. கை வலிக்கும், அந்த பெஞ்சுல வைங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “பெரிம்மா, புள்ள வயசுக்கு வரல. உடம்பு முந்திகிச்சு, அவ்ளோதான். இப்ப தண்ணி ஊத்துனா ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும். நாளைக்கு எல்லாரும் அத பெரியவளாட்டம் பாப்பாங்க. அது பொம்மைக்கு சட பின்னிகினு கீது. விசேஷத்த வேணாம்னு சொல்லல. தள்ளி வெச்சிருக்கோம். நடக்கறப்ப எனக்கும் சொல்லி அனுப்புங்க, முதல் பந்தியில வந்து உக்காருறேன்.”

இதுவரைக்கும் சரி. பிறகு தட்டைப் பார்த்து, “பழத்த மட்டும் குடுத்துட்டுப் போங்க. உள்ள வார்டுல புள்ளைங்க கீதுங்க” என்றாள். முருகன், என் வயிற்றில் பிறந்த மடையன், எடுத்துக் கொடுத்துவிட்டான். என் பேத்திக்கு வந்த சீர்ப் பழத்தை அவள் சீப்பு சீப்பாகப் பிய்த்து யார் யார் பிள்ளைக்கோ கொடுத்தாள். அந்தப் பிள்ளைகள் அவளுக்குத்தான் தேங்க்ஸ் சொன்னார்கள். வாழைப்பழம் வாங்கியவனும் வாங்கச் சொன்னவளும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டாவது வழக்கு அந்தத் திரை. அவள் அறையில் பச்சைத் துணியில் ஒரு திரை தொங்கும். உங்களுக்குத் தெரியும். முதலில் பிள்ளையோடு பேசுவாள், பிறகு அம்மாவோடு பேசுவாள். கூட வந்த மற்றவர்களெல்லாம் வெளியே நீல நாற்காலியில் உட்கார வேண்டும். “மொதல்ல புள்ள, அப்புறம் அம்மா, கடைசியில ஊரு” என்பாள். நான் ஊராம். பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றி முதலில் என் கையில் கொடுத்த பிள்ளைக்கு நான் ஊர்.

திரை வழியாகப் பேச்சு கேட்கும். கேட்டேன். அடுத்த தடவை போனபோது, கையை எக்ஸ்ரே எடுத்ததையும் தலையை ஸ்கேன் எடுத்ததையும் பற்றித் தேவி ஏதோ கேட்டாள். எலும்பு வயதை மீறி முந்தி வளர்கிறது, இப்படியே விட்டால் சீக்கிரமே நின்றுபோய்ப் பிள்ளை குள்ளமாகிவிடும், அதற்குத்தான் ஊசி என்று ஜமீலா நிதானமாகச் சொன்னாள். அப்புறம் பாப்பாவிடம் பேசினாள்.

“பஸ் ஸ்டாண்டு பாத்திருக்கியா கண்ணு?”

“பாத்திருக்கேன்.”

“உன் பஸ்ஸு டைமுக்கு முன்னாடியே வந்துட்டுது. நீ இன்னும் சாப்புட்டு, ஷூ போட்டு, கெளம்பவே இல்ல. இன்னா பண்ணலாம்?”

“நிக்க சொல்லலாம்.”

“அதத்தான் பண்றோம். இந்த ஊசி இன்னா பண்ணும் தெரியுமா? டிரைவர போயி டீ குடிச்சிட்டு வாய்யான்னு சொல்லும். அவரு டீ குடிக்கட்டும். நீ மெதுவா வா.”

பாப்பா சிரித்த சத்தம் கேட்டது. காலையிலிருந்து நானும் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டாய் காட்டினேன், ஆஸ்பத்திரி வாசலில் கிளி ஜோசியக்காரரின் கிளியைக் காட்டினேன். சிரிக்காதவள் ஒரு டிரைவர் டீ குடிப்பதற்குச் சிரித்தாள்.

தேவி விஷயத்துக்கு வருகிறேன். தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று அவள் உருகிக்கொண்டிருந்தாள். பிராய்லர் கோழி வாங்கிப் போட்டதால்தான் என்று நானும் சொல்லியிருந்தேன். சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஜமீலா திரைக்கு உள்ளே அவளிடம், “நீ ஆக்கிப் போட்ட எதுவும் இத பண்ணல தேவி. உன் கையில ஒரு குத்தமும் இல்ல. எவ சொன்னாலும் கேக்காத” என்றாள். என் மகள் ஓவென்று அழுதாள். அழுத சத்தம் துணியில் முகம் புதைத்த சத்தமாக இருந்தது. அது ஜமீலாவின் புடவை. பெற்றவள் நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், என் புடவையும் புடவைதான். அப்புறம், அந்த “எவ” யார் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் மாங்காட்டுக்குப் போய் அம்மனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்காகத்தான் வேண்டிக்கொள்ளப் போனேன். வேண்டிக்கொண்டதைவிட ஜமீலாவைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

ஊசி போடும் நாட்களைப் பற்றி உங்களில் ஒவ்வொருவரும் எழுதுவீர்கள். அவள் கை நோகாத கை என்று எழுதுவீர்கள். நோகும். எந்த ஊசி நோகாமல் இருக்கிறது? நோகாது என்று அவள் ஒரு பிள்ளையிடமும் பொய் சொன்னதில்லை. “வலிக்கும். வலிக்கறப்ப ஊசிய திட்டு. உனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தையெல்லாம் திட்டு. என்ன மட்டும் திட்டாத” என்பாள். மற்ற பிள்ளைகள் போ ஊசி, சனியன் ஊசி என்று திட்டும். பாப்பாவின் முதல் ஊசி அன்றைக்கு நான் வெளியே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“அட கஸ்மாலம்! பேமானி! சோமாறி! உன் மூஞ்சில என் பீச்சாங்கைய வெக்க!”

ஆஸ்பத்திரி ஒரு நொடி அமைதியாகிவிட்டது. பிறகு ஜமீலா சிரித்த சிரிப்பில் ஏதோ தட்டு கீழே விழுந்தது.

“யா அல்லா! யாருடி இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?”

திரையின் ஓரத்தில் ஒரு சின்ன விரல் வெளியே வந்து என்னைக் காட்டியது. “எங்க ஆயா.”

ஜமீலா திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். “பெரிம்மா, நல்ல மருந்து. டாக்டர் எழுதிக்குடுக்க மாட்டாரு” என்றாள். எனக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே நான் சொந்தக்காரி மாதிரி இருந்தது. நான் உள்ளே போகவில்லை. என் பேச்சு உள்ளே போயிருந்தது. அதற்குப் பிறகு ஊசிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் பேமானி என்று திட்டத் தொடங்கின. உங்கள் பிள்ளை வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், அதை ஜமீலா சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது. இதை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்றுதான் முக்கியமாகப் பேனா எடுத்தேன்.

ஏனென்றால் அவளுக்கு அடுத்தவர் பேரைச் சொல்கிற பழக்கம் குறைவு. உளுந்தங்களியை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லம் எவ்வளவு, நல்லெண்ணெய் எப்போது விட வேண்டும் என்று வராந்தாவில் நின்று என்னிடம் அக்கறையாகக் கேட்டாள். சொன்னேன். அடுத்த முறை அம்மாக்கள் கூடிய நாளில் ஒரு தூக்கு நிறையக் கிண்டிக்கொண்டு வந்தாள். “இது ஊசிக்கு மாத்து இல்ல, உடம்ப முந்த வெக்கறதும் இல்ல. ருசிக்கு சாப்புடுங்க” என்று எல்லாருக்கும் கொடுத்தாள். யார் செய்முறை என்று ஒருத்தி கேட்டதற்கு, “குமணன்சாவடியில ஒரு அம்மா சொன்னாங்க” என்றாள். ஒரு அம்மா! கன்னியம்மா என்று சொன்னால் நாக்கா வெந்துவிடும்? போதாததற்குக் களி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் பெரிய வழக்கு.

பாப்பாவைப் பிறந்ததிலிருந்து குளிப்பாட்டியவள் நான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, முதுகைத் தேய்த்துவிட்டால் கோழிக்குஞ்சு மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஊசி ஆரம்பித்து கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போகிறேன், குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது.

“தொறடி.”

“நானே குளிச்சிக்கிறேன் ஆயா.”

“முதுகு தேய்க்கத் தெரியுமா உனக்கு?”

“சிஸ்டர் சொன்னாங்க, எம் உடம்பு எனக்கு. யாரு தொடலாம், யாரு தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லணுமாம்.”

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். என் வீட்டுக் கதவில் அந்தப் பெண் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் என்று தோன்றியது. மறுநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போட்டேன். நாற்காலியில் உட்காரவில்லை. திரையை நானே விலக்கினேன்.

“இன்னாமா நெனச்சிகினு கீற நீ? எம் பேத்தி என்ன தொடக்கூடாதா? நான் இன்னா ரோட்ல போறவளா?”

அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “உக்காருங்க பெரிம்மா” என்றாள்.

“உக்கார மாட்டேன்.”

“சரி, நானும் நிக்கிறேன்.” நின்றாள். “உங்க தெருவுல, கடையில, பஸ்ஸுல எத்தினி பேரு இந்தப் புள்ளைய மேலயும் கீழயும் பாக்கறாங்க, உங்களுக்கே தெரியும். இன்னா அதுக்குள்ள இப்டி வளந்துட்டேன்னு கன்னத்த கிள்றவங்க, முதுக தடவுறவங்க. ஏழு வயசுப் புள்ளைக்கு வேணாம்னு சொல்ல வாய் வருமா? மொதல்ல ஊட்ல சொல்லிப் பழகணும். திட்டாதவங்ககிட்ட, அடிக்காதவங்ககிட்ட சொல்லிப் பாக்கணும். அது உங்ககிட்ட சொல்லிப் பாத்திருக்கு.”

“அதுக்குன்னு என் கை வேணாமா?”

“சோப்பு போட உங்க கை வேணாம்னு சொல்லிச்சு. உங்க கையே வேணாம்னா சொல்லிச்சு?”

எனக்கு இன்னும் கோபம் வந்தது. “உனக்குப் பேசத் தெரியும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் என் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வாயும் கையும் சும்மா இருக்காது அவளுக்கு. பாப்பாவைப் பிடித்து இழுத்து, நெஞ்சைப் பார்த்து, “இன்னாடி கன்னிமா, உன் பேத்தி என் மருமவள விட...” என்று ஆரம்பித்துக் கையை நீட்டினாள். பாப்பா ஓர் அடி பின்னால் போய் வீடு அதிரக் கத்தினாள்: “என்ன தொடாதீங்க! எனக்குப் புடிக்கல!” நாத்தனார் முகம் செத்துவிட்டது. நாற்பது வருஷமாக நான் அவளிடம் சொல்ல நினைத்ததை என் பேத்தி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மட்டும் ஜமீலாவை மனசுக்குள் வாழ்த்தினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திமிர் ஏறிவிடும்.

கதவு மட்டும் சாத்தியேதான் இருந்தது. பிள்ளை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நடப்பதை அம்மாவிடம் சொல்வாள், சிஸ்டரிடம் சொல்வாள். என்னிடம் சாப்பாடு கேட்பாள், சடை பின்னச் சொல்வாள். என் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியை நிறுத்திய பிறகு என்றைக்கோ ஒரு நாள் அது வரும். அந்த நாளில் அவள் யாரிடம் முதலில் வந்து சொல்வாள்? என் மகள் என்னிடம்தான் சொன்னாள். நான் என் அம்மாவிடம் சொன்னேன். இவள் யாரிடம் சொல்வாள்?

கடைசி ஊசி அன்றைக்கு அதற்கும் பதில் கிடைத்தது. டாக்டர் போதும் என்று சொல்லியிருந்தார். ஜமீலா அன்றைக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் ஊசி நாளன்று அவளே என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். “டிரைவர் இனிமே எப்ப வேணா டீ கிளாஸ கீழ வெச்சுடுவாரு. ஆறு மாசமோ, ஒரு வருசமோ, மேலயோ, அவரு இஷ்டம். பயப்பட ஒண்ணும் இல்ல. வந்தா யாருகிட்ட சொல்லுவ கண்ணு?”

பாப்பா யோசிக்கக்கூட இல்லை. “உங்ககிட்டதான் சிஸ்டர்.”

தேவி சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஜமீலா என்னைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். பிறகு பாப்பாவைக் கட்டிப்பிடித்து அனுப்பினாள். வராந்தாவில் வரும்போது பிள்ளையின் கை என் கையில் இருந்தது. ஆனாலும் எனக்கு வெறுங்கையோடு நடக்கிற மாதிரி இருந்தது.

அதுதான் நான் அவளை உயிரோடு பார்த்த கடைசி நாள்.

போன் வந்த அன்றைக்கு அவள் வீட்டுக்கு நானும் தேவியும் பாப்பாவும் போனோம். குமணன்சாவடியில் நல்ல ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். பூந்தமல்லியில் அவள் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. தெரு முழுக்க அம்மாக்களும் பெண்பிள்ளைகளும். கல்லூரி போகிற பெண்கள்கூட வந்திருந்தார்கள். ஜமீலாவின் மருமகள் என் கையில் மாலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். “எங்கள்ல மாலை போட மாட்டோம்மா. முகத்த பாத்துட்டு வாங்க, அதுவே போதும்” என்று மெதுவாகச் சொன்னாள். மாலையை வெளியே மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. அப்போதும் ஏதோ பதில் சொல்லத் தயாராக இருக்கிற முகம். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் வீட்டிலேயே நின்றோம். வெளியே வந்து பார்த்தால் என் மாலையை அந்தத் தெரு ஆடு ஒன்று தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு நான் கொடுத்த ஒரே ஒரு பொருளும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

வாசலில் நின்ற அம்மாக்களின் பேச்சு காதில் விழுந்தது. “எம் பொண்ணு மேலதான் சிஸ்டருக்கு உசுரு” என்றாள் ஒருத்தி. அவள் பக்கத்தில் நின்றவள், “எங்க பாப்பாவுக்கு மட்டும்தான் பஸ்ஸு கதையெல்லாம் சொல்லுவாங்க” என்றாள். இன்னொருத்தியும் அதையேதான் சொன்னாள். பாப்பாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். அந்த டிரைவரும் டீயும் தனக்கு மட்டும் சொன்னது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அந்த வலி பழகினது. அவளுக்கு அன்றைக்குத்தான் புதுசு. தோளில் கை போட்டேன். தள்ளிவிடவில்லை.

ஜமீலாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு முன்பே அது நடந்தது. ஒரு மத்தியானம், தேவி வேலைக்குப் போயிருந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து குரல் வந்தது.

“ஆயா.”

“இன்னா?”

“இங்க வா.”

போனேன். சாத்தியிருந்த கதவு, இத்தனை வருஷமாகச் சாத்தியிருந்த கதவு, கொஞ்சமாகத் திறந்தது. பாப்பாவின் முகம் தெரிந்தது. பயம் இல்லை. வெட்கமும் சிரிப்பும் கலந்திருந்தது.

“டிரைவர் வந்துட்டாரு ஆயா.”

கீரை என் கையிலேயே இருந்தது. “அம்மாவுக்கு போன் போட்டியா?” என்றேன்.

“இல்ல. மொதல்ல உங்கிட்டதான்.”

அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கும் மாங்காட்டு அம்மனுக்கும்தான் தெரியும். பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“கடைசி ஊசி அன்னைக்கு நான் ‘உங்ககிட்டதான்’னு சிஸ்டர்கிட்ட சொன்னேன் இல்ல? அப்ப கட்டிப்புடிச்சப்போ காதுல சொன்னாங்க. எங்கிட்ட அப்புறம் சொல்லு, மொதல்ல உங்க ஆயாகிட்ட சொல்லு, அவங்க ரொம்ப நாளா வெளியவே உக்காந்துகினு கீறாங்கன்னு.”

எப்படி இருக்கும் எனக்கு? என் பேத்தியை எனக்குக் கொடுப்பதற்கு அவள் யார்? என் வீட்டில், என் கீரைக்கு முன்னால், என் பிள்ளை என்னிடம் முதலில் வந்து நிற்கிறாள், அதுவும் அந்தப் பெண் சொல்லி அனுப்பி வந்து நிற்கிறாள். செத்தும் எனக்கு முந்திக்கொண்டாள். எரிச்சலில் அழுகை வந்துவிட்டது. பாப்பா, நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

மண்டபம் வேண்டாம், பேனர் வேண்டாம், வீட்டோடு போதும் என்று பாப்பா சொன்னாள். அவள் சொன்னபடியே செய்தோம். முருகன் திருநின்றவூரிலிருந்து தட்டுகளோடு வந்தான். இந்த முறை நேராக வீட்டுக்கு வந்தான். தண்ணீர் ஊற்றும்போது பாப்பா என்னைக் கூப்பிட்டு, “முதுகுல நீ ஊத்து ஆயா” என்றாள். அவளே கேட்டாள். ஊற்றினேன்.

பந்திக்கு இலை போடும்போது வாசலைப் பார்த்தேன். முதல் பந்தியில் வந்து உட்காருகிறேன் என்று சொன்னவள் வரவில்லை. சொல்லி அனுப்பு என்றவள், எங்கே சொல்லி அனுப்புவது என்று சொல்லாமல் போய்விட்டாள். இந்த வழக்கை நான் அவளோடு தீர்த்துக்கொள்ளப்போவதில்லை. இப்படியே வைத்துக்கொள்வேன்.

மறுநாள் சீர்த் தட்டில் வந்த வாழைப்பழத்தை எல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அவள் அறையில் இப்போது வேறொரு சின்னப் பெண் நர்ஸாக இருக்கிறாள். பச்சைத் திரை அதேதான். வெளியே நீல நாற்காலியில் என் வயதில் ஒருத்தி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். திரைக்கு உள்ளே ஒரு பிள்ளை ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தது. பேமானி என்றது. என் வார்த்தை இன்னும் அங்கே இருக்கிறது.

வார்டுக்குள் போய்ப் பழத்தைச் சீப்பு சீப்பாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை ஜமீலா கொடுக்கவில்லை. நானே என் கையால் கொடுத்தேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வேலைதான். தேங்க்ஸ் எல்லாம் எனக்குத்தான் சொன்னார்கள். கடைசிச் சீப்பைக் கொண்டுவந்து அந்த நாற்காலிக்காரியின் மடியில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.